பார்வையற்ற குட்டிக்கு ஏற்ற இல்லம் எது?



பனிக்காலம் தொடங்கிவிட்டால் நம் ஊர்த் தெருவோரங்களில் நாய்க்குட்டிகளின் முனகலைக் கேட்கலாம். இடிந்த சுவரின் மறைவிலும், மூடிக்கிடக்கும் கடையின் படியடியிலும் நான்கைந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுருண்டு கிடக்கும். அவற்றுள் சில வாகனச் சக்கரத்திற்கும், சில நோய்க்கும் இரையாகும். எஞ்சியவை தெருவின் போக்கைக் கற்றுப் பிழைத்துக்கொள்ளும். அக்குட்டிகளுள் ஒன்று பார்வையற்றதாக இருந்துவிட்டால் அதன் கதி என்ன? தாயின் மடியை அது மோப்பத்தால் கண்டுகொள்ளும். ஆனால் பாய்ந்து வரும் வாகனத்தைக் கண்டு ஒதுங்கவோ, திறந்த சாக்கடையைத் தாண்டவோ, பிற நாய்கள் சீறும்போது விலகி ஓடவோ அதனால் இயலாது. மனிதக் கை ஒன்று குறுக்கிட்டாலன்றி அது அடுத்த பனிக்காலத்தைக் காண்பது அரிது.

அத்தகைய குட்டி ஒன்றை உங்கள் பிள்ளை சட்டைக்குள் பொதிந்துகொண்டு வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? 'சீ! நஜீஸ்! எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடு' என்று விரட்டுவீர்களா? அல்லது இரக்க மிகுதியால் உடனே சேர்த்துக்கொண்டு, ஒரு மாதத்தில் சலித்துப்போவீர்களா? இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அக்குட்டிக்கு உரிய இல்லத்தைத் தேடி, அதன் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே அது. இந்த மூன்றாம் வழியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மார்க்கத்தின் நிலை

வேட்டை, கால்நடைக் காவல், விளைநிலக் காவல் ஆகிய தேவைகள் இன்றி நாய் வளர்ப்போரின் நற்கூலி நாள்தோறும் குறைந்துபோகும் என்ற கருத்தில் நபிமொழிகள் வந்திருப்பதை நாம் அறிவோம். பார்வையற்ற குட்டியோ இந்தப் பணிகளுள் எதற்கும் பெரும்பாலும் உதவாது. ஆகவே நம் வீடுகளுள் பல அதற்கு நிலையான இல்லமாக அமைய மாட்டா என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், 'நம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது' என்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுமா? தாகத்தால் மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரின் வரலாறு நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அவர் அந்த நாயைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார் என்று அந்த நபிமொழி கூறவில்லை. அந்த நேரத்தில் அதற்கு எது தேவையோ அதைச் செய்தார். அதற்காகவே இறைவனின் மன்னிப்பைப் பெற்றார். வளர்ப்பது வேறு, உதவுவது வேறு என்பது இதனால் விளங்கும்.

பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. தானே தேடி உண்ண அவிழ்த்துவிடவும் இல்லை. பராமரிக்க இயலாத உயிரைப் பிடித்து வைத்துக்கொள்வதும் கொடுமையே. இரக்கத்தால் மட்டும் எடுத்துப் பின்னர் கொல்லைப்புறத்துக் கயிற்றில் மறந்துவிடுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தூய்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷாஃபியீ மத்ஹபின்படி நாய் நஜீஸ்தான். அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். எனினும் உலர்ந்த உடலை உலர்ந்த கை தொடுவதால் அசுத்தம் ஒட்டுவதில்லை. ஹனஃபீ மத்ஹபில் நாயின் உமிழ்நீரே அசுத்தம். எந்த மத்ஹபிலும் நாயைத் தொட்டால் ஒளு முறிந்துவிடுவதில்லை. இதற்கென ஒரு பழந்துணியும் பழஞ்சட்டையும் தனியே வைத்துக்கொண்டால் தொழுகைக்கு எவ்விதத் தடையும் இராது. தூய்மைச் சட்டம் நமக்குக் கழுவக் கற்றுத் தந்தது. கல்லெறியக் கற்றுத் தரவில்லை.

முதலில் கண்ணைப் பாருங்கள்

நாய்க்குட்டிகள் கண் மூடியே பிறக்கும். பத்து முதல் பதினான்கு நாட்களில் இமைகள் திறக்கும். திறந்த புதிதில் விழி நீலம் பாய்ந்து மங்கலாகத் தோன்றும். இதைக் கண்டு குருடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த வயதில் தாய் அருகில் இருந்தால் குட்டியைப் பிரிக்கவும் கூடாது. எட்டு வாரம் வரை தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருப்பதே அதற்கு நலம்.

எட்டு வாரத்துக் குட்டி சுவரில் முட்டிக்கொள்கிறதா? சிறு பஞ்சு உருண்டையை ஓசையின்றி அதன் முன் விழவிட்டுப் பாருங்கள். பார்வையுள்ள குட்டி தலையைத் திருப்பி அதைத் தொடரும். முகத்தருகே கையை வீசிக் கண் சிமிட்டுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. கை வீசும் காற்றுப் பட்டாலே பார்வையற்ற கண்ணும் சிமிட்டும். மூன்று மாதம் ஆகாத குட்டிக்குப் பார்வை இருந்தாலும் அந்தச் சிமிட்டல் இன்னும் வந்திராது.

அடுத்த படி கால்நடை மருத்துவர். பிறவியிலேயே கண் சிறுத்திருத்தல், கண்புரை, விழித்திரைக் கோளாறு, கருவிழியில் புண், அடிபடுதல், டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்று எனப் பார்வையிழப்பிற்குக் காரணங்கள் பல. இவற்றுள் சில குணமாகக் கூடியவை. சீழ் கட்டி ஒட்டிப்போன இமைகளைக் கழுவி மருந்திட்டவுடன் பார்வை தெரிந்த குட்டிகளும் உண்டு. கண்புரைக்கு மனிதர்களுக்குச் செய்வதைப் போன்ற அறுவைச் சிகிச்சை நாய்களுக்கும் உண்டு. ஆகவே மருத்துவர் பார்க்கும் முன்னரே 'இது குருட்டுக் குட்டி' என்று பெயர் சூட்டிவிடாதீர்கள். ஊர்தோறும் அரசுக் கால்நடை மருந்தகங்கள் உள்ளன. சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உள்ளது.

இருளில் வழி காணும் உயிர்

பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் மனம் உடைய வேண்டியதில்லை. நாய்க்கு உலகத்தை அறிவிக்கும் முதல் வாயில் மூக்கு, இரண்டாவது செவி, கண் அதற்குப் பின்னரே. மனிதச் செவிக்கு எட்டுவதைப் போல் இருமடங்கிற்கு மேல் உயர்ந்த அதிர்வுகளையும் நாய் கேட்க வல்லது. அதன் மீசை மயிர்கள் எதிரே சுவர் இருப்பதைக் காற்றின் சலனத்தைக் கொண்டே உணர்த்திவிடும். பிறவியிலேயே பார்வையற்ற குட்டி ஒளியை இழந்துவிட்டதாக வருந்துவதும் இல்லை. அதற்கு ஒளி என்ற ஒன்று தெரியாது. சில நாட்களில் வீட்டின் வரைபடத்தையே அது மனத்தில் எழுதிக்கொள்ளும்.

அந்த வரைபடத்தை நாம் அடிக்கடி அழித்தெழுதாமல் இருந்தால் போதும். கட்டில், நாற்காலி, தண்ணீர்க் கிண்ணம் ஆகியவை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். படிக்கட்டின் முன் தென்னைநார் மிதியடி ஒன்றைப் போட்டுவைத்தால் பாதம் பட்டவுடன் நின்றுகொள்ளும். தொடும் முன் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். உறக்கத்தில் திடீரெனத் தொட்டால் எந்த உயிரும் அஞ்சிக் கடிக்கும். 'நில்', 'படி', 'வா' என்ற மூன்று சொற்களை ஒரே குரலில் பழக்கிவிட்டால் அவையே அதற்குக் கைத்தடி. வீட்டில் வேறு நாய் இருந்தால் அதன் கழுத்தில் சிறு மணி கட்டலாம். வீட்டுப் பெண்மணியின் கொலுசொலியே சில குட்டிகளுக்கு வழிகாட்டியாகிவிடும்.

ஆக, பார்வையற்ற குட்டிக்கு வேண்டியது மாளிகையன்று, மாறாத வீடு.

மூன்று வீடுகள்

எங்கள் மத்ரஸாவின் மாலை வகுப்புப் பிள்ளைகள் ஒருநாள் மையவாடிச் சுவரோரத்தில் இத்தகைய குட்டி ஒன்றைக் கண்டெடுத்தனர். தாய் தென்படவில்லை. வயது இரண்டு மாதம் இருக்கும். ஒரு கண் பிறவியிலேயே சிறுத்தது. மற்றொன்றின் கருவிழி புண்ணாகி வெண்தழும்பு படர்ந்தது. இரண்டிலும் பார்வை திரும்பாது என்றார் கால்நடை மருத்துவர். ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் தம் மரக்கடையின் பின்கட்டில் சில நாட்கள் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். கடையின் இரவுக் காவலாளி உணவிட்டார். வாங்கிக்கொள்ள மூன்று வீட்டார் முன்வந்தனர்.

முதலாமவர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். விரிந்த இடம், தாராள மனம். ஆனால் அவருக்கு வேண்டியது காவல் நாய். தோப்பின் நடுவிலோ சுற்றுச்சுவர் இல்லாத பாசனக் கிணறு. 'பழகிவிடும் ஹஜ்ரத்' என்றார். பழகும் வரை கிணறு காத்திருக்குமா?

இரண்டாவது, வசதியான மாடி வீடு. பிள்ளையின் பிறந்த நாளுக்கு ஒரு பரிசு வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். குட்டியைக் கண்டவுடன் அவ்வீட்டு அம்மையார் கண் கலங்கிவிட்டார். ஆயினும் பகல் முழுவதும் அவ்வீட்டில் யாரும் இரார், செங்குத்தான படிகள், ஆண்டுக்கு இருமுறை வீடு மாற்றம். அந்தக் கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் இரக்கம் ஒருநாள் பொங்கி அடங்கிவிடும். நாயின் ஆயுளோ பத்து முதல் பதினைந்து ஆண்டுகள்.

மூன்றாவது, அடுத்த தெருவில் உள்ள ஓட்டு வீடு. அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவரும் அவருடைய துணைவியாரும் மட்டுமே இருக்கும் இந்துக் குடும்பம். ஒரே தளம், மூடிய தண்ணீர்த் தொட்டி, சாத்திய வெளிக்கதவு, சண்டையிடாத முதிய நாய் ஒன்று. முப்பது ஆண்டுகளாக நாற்காலிகூட இடம் மாறாத வீடு அது. மற்ற இருவரும் 'எப்போது தருவீர்கள்?' என்று கேட்டனர். அந்த அம்மையாரோ, 'இது எதைக் கேட்டால் பயப்படுகிறது? எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறது?' என்று கேட்டார்.

பிள்ளைகளுள் சிலர் அழுதனர். மாடி வீட்டில் கொடுத்திருந்தால் அது 'சொகுசாக' இருந்திருக்கும் என்று வாதிட்டனர். இரு வாரம் கழித்துச் சிலரை அழைத்துக்கொண்டு சென்றேன். திண்ணையிலிருந்து துளசி மாடம் வரை, அங்கிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை எங்கும் இடிக்காமல் அந்தக் குட்டி நடந்துவந்தது. முதிய நாயின் மணியோசை அதற்கு முன்னே சென்றது. அதன் பின்னர்ப் பிள்ளைகள் வாதிடவில்லை.

தருமுன் கேட்க வேண்டியவை

நீங்களும் இத்தகைய குட்டிக்கு இல்லம் தேட நேர்ந்தால் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள்: திறந்த கிணறு, மூடியற்ற தொட்டி, தடுப்பற்ற மொட்டைமாடி உண்டா? வெளிக்கதவு சாத்தப்படுமா? பகலில் ஆள் இருப்பார்களா? தடுப்பூசிச் செலவையும், ஆறு மாத வாக்கில் செய்யும் கருத்தடைச் செலவையும் ஏற்பார்களா? வெளியூர் செல்லும்போது பொறுப்பேற்பவர் யார்? வீட்டில் உள்ள எல்லோரும் சம்மதித்தார்களா, அல்லது ஒருவரின் ஆசை மட்டும்தானா? கைக்குழந்தை உள்ள வீட்டில் பெரியவர் ஒருவரின் கண்காணிப்பு இருக்குமா? முடிந்தால் ஒருமுறை நேரில் சென்று வீட்டைப் பாருங்கள். இரு வாரம் வைத்துப் பார்த்து, ஒத்துவராவிடில் திருப்பித் தரலாம் என்று சொல்லிக் கொடுங்கள். அந்த வாக்குறுதி குட்டியைத் தெருவில் விடாமல் காக்கும்.

ஒருபோதும் குறையை மறைக்காதீர்கள். தானியக் குவியலின் மேல் உலர்ந்ததையும் அடியில் ஈரமானதையும் வைத்த வணிகரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. நாய்க்கு விலை வாங்குவது கூடாது என்பதே ஷாஃபியீ மத்ஹபின் நிலை. இங்கோ விலை பேசாமல் இலவசமாகவே தருகிறோம். இலவசம் என்பதற்காக உண்மையைக் குறைத்துவிடலாமா? 'கொஞ்சம் மங்கல், சரியாகிவிடும்' என்று சொல்லித் தள்ளிவிட்டால், ஏமாற்றம் வாங்கியவருக்கு. தண்டனையோ வாயில்லாக் குட்டிக்கு.

இல்லம் கிடைக்கும் வரை

கொல்லையிலோ கொட்டகையிலோ காற்றும் குளிரும் தாக்காத ஓரிடத்தில் பழஞ்சாக்கு விரித்த பெட்டி போதும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். உப்பும் மசாலாவும் இன்றிக் குழைய வேகவைத்த சோற்றில் எலும்பு நீக்கிய கோழிக்கறியோ முட்டையோ பிசைந்து சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். நம் வீடுகளுக்கென ஓர் எச்சரிக்கை: வலீமா விருந்தில் மிஞ்சிய பிரியாணியை அன்போடு வைத்துவிடாதீர்கள். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழித்துவிடும்.

பிள்ளைகளைத் தனியே கையாள விடாதீர்கள். குட்டி கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள். 'குட்டிதானே' என்று அலட்சியம் செய்ய வேண்டாம். வெறிநோய் முற்றிய பின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் அதே நோய்க்கான தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கான ஊசி அதற்கும் முன்பே, ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்க வேண்டும்.

உங்களால் இயலாதபோது விலங்கு நலச் சங்கங்களை நாடலாம். சென்னையில் 1959ஆம் ஆண்டு தோன்றிய ப்ளூ கிராஸ் போன்றவை இப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டுள்ளன. ஆனால் காப்பகங்கள் எப்போதும் நிரம்பி வழிபவை. நூற்றுக்கணக்கான குரைப்பொலிகளுக்கு நடுவே, செவியை நம்பி வாழும் குட்டி திகைத்துப்போகும். காப்பகம் கடைசி வழியாகவே இருக்கட்டும்.

கண்ணுக்கு மறைத்தல் தீர்வாகாது

நாய்க்குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவரும் பழக்கம் நம்மிடையே உண்டு. 'எங்காவது பிழைத்துக்கொள்ளும்' என்பர். 1910ஆம் ஆண்டு இஸ்தான்புல் நகரின் தெருநாய்கள் பல்லாயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு, அருகிலுள்ள நீரற்ற தீவொன்றில் கொண்டுபோய் விடப்பட்டன. பசியாலும் தாகத்தாலும் அவை மடிந்தன. அவற்றின் ஊளை கடல் கடந்து கேட்டது என்பர். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அந்நகரின் முஸ்லிம்கள் அதே நாய்களுக்கு உணவும் நீரும் வைத்து வந்தவர்கள் என்பதுதான் இதில் வேதனை. ஊளை தொலைவில் கேட்டால் பாவமும் தொலைவில் போய்விடுமா?

நம் நாட்டுச் சட்டமும் இதை ஏற்பதில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைக் குற்றமென்கிறது. உயிர்களிடம் பரிவு காட்டுவது குடிமக்களின் கடமை என அரசியல் சாசனத்தின் 51அ பிரிவு கூறுகிறது.

அன்பிற்குரியவர்களே! நம் வீட்டில் இடமில்லாமல் இருக்கலாம். ஆனால் நம் தெருவில், நம் அண்டை அயலில், நமக்குத் தெரிந்த நல்லோரிடத்தில் அக்குட்டிக்கென ஓர் இடத்தை இறைவன் வைத்திருக்கக்கூடும். அந்த இடத்திற்கு வழி தெரியாதது அதன் குறை. வழி காட்டுவது நம் பங்கு. நாலு வீட்டுக் கதவைத் தட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை. நம் பிள்ளை ஒரு சிறு உயிரை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கும்போது நாம் சொல்லும் முதற்சொல் அவன் நெஞ்சில் நெடுநாள் நிற்கும். அந்தச் சொல் 'விட்டுவிடு' என்பதாக இல்லாமல், 'வா, இதற்கு ஏற்ற வீட்டைத் தேடுவோம்' என்பதாக இருக்கட்டும்.

வல்ல இறைவன் நம் உள்ளங்களில் இரக்கத்தையும், அந்த இரக்கத்தை நெறிப்படுத்தும் அறிவையும் ஒருசேர அருள்வானாக! ஆமீன்.